வீட்டுக்குள் கண்ணாடிச் சுவர்: வேலையை யாரிடம் கொடுப்பது?

ஹாலை இரண்டாகப் பிரித்து ஒரு வேலை அறை ஒதுக்கலாம், வெளிச்சம் போகாமல் இருக்கக் கண்ணாடித் தடுப்பு வைக்கலாம் என்று முடிவானதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, சதுர அடி எவ்வளவு என்பதுதான். நாலு இடத்தில் விசாரித்து, குறைவாகச் சொன்னவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் கண்ணாடியில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-இல் வந்தபிறகு சென்னைப் பக்கம் நல்ல ஃப்ளோட் கண்ணாடிக்கு, அதாவது சாதாரணத் தட்டைக் கண்ணாடிக்கு, பஞ்சமில்லை. சின்னக் கடையும் பெரிய இன்டீரியர் கம்பெனியும் கடைசியில் போய் நிற்பது டெம்பரிங் செய்து கொடுக்கும் ஏதோ ஒரு ஆலையின் வாசலில்தான். வித்தியாசம் அளவெடுக்கும் ஆளிடமும், நிறுத்தும் ஆளிடமும் இருக்கிறது.

காரணம் எளிது. டெம்பரிங் செய்த கண்ணாடியைத்தான் டஃபன்ட் என்கிறார்கள். அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். மேல்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் உறைந்துபோகிறது. அதற்குப் பிறகு அதில் ஓட்டை போட முடியாது, ஓரத்தில் 2 மி.மீ. தேய்த்துக் குறைக்க முடியாது. முயன்றால் மொத்தமும் பொரிந்து கொட்டிவிடும். மரப்பலகையில் அளவு தப்பினால் இழைத்துக்கொள்ளலாம். இங்கே அளவு தப்பினால் புதுக் கண்ணாடிதான். அதனால் அளவெடுப்பவர், ஆர்டர் போடுபவர், நிறுத்துபவர் மூவரும் ஒரே ஆளாகவோ ஒரே பில்லுக்குள்ளோ இருக்க வேண்டும். அளவு தப்பினால் யார் கைக்காசு போகும் என்பது தெளிவாக இருந்தால் ஆள் தேர்வில் பாதி முடிந்த மாதிரி.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சென்னை அடுக்குமாடி வீடு, 10 அடி அகலம், 9 அடி உயரத் திறப்பு, நடுவில் 3 அடிக் கதவு. இரு பக்கமும் மூன்றரை அடி நிலைக் கண்ணாடி. கதவு 7 அடி, அதற்கு மேல் 2 அடிக்கு ஒரு மேல் கண்ணாடி. மொத்தம் 90 சதுர அடி, அதாவது 8.36 சதுர மீட்டர். கண்ணாடியின் எடைக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.5 கிலோ. 12 மி.மீ. கண்ணாடியில் செய்தால் ஒவ்வொரு நிலைத் துண்டும் 88 கிலோ, கதவு 58 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், எல்லாம் சேர்ந்து 250 கிலோ. இதையே ஃபிரேம் போட்டு 5 மி.மீ. கண்ணாடியில் செய்தால் கண்ணாடி எடை 105 கிலோதான். யாரைக் கூப்பிடுவது என்பதை இந்த எடை வித்தியாசமே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

அலுமினியம் ஃபேப்ரிகேட்டர்

எல்லா ஊரிலும் கிடைப்பவர். ஜன்னல், கொசுவலைக் கதவு, கடைப் பார்ட்டிஷன் எல்லாம் செய்பவர். இரண்டரைக்கு ஒன்றரை அங்குலக் குழாய் செக்‌ஷனைச் சுற்றிலும் நடுவிலும் நிறுத்தி, கிளிப் வைத்து, ரப்பர் பீடிங் கொடுத்துக் கண்ணாடியை அடைப்பார். செலவு குறைவு இதில்தான். இன்னொரு வசதியும் உண்டு. ஃபிரேமை முதலில் நிறுத்திவிட்டு, அதன் உள்ளளவை எடுத்துக் கண்ணாடிக்கு ஆர்டர் போடுவதால், சுவர் கோணலாக இருந்தாலும் கண்ணாடி அளவு தப்புவது அபூர்வம். ஒரு துண்டு உடைந்தாலும் அந்தக் கட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

குறைகள் வருவது பொருளில். செக்‌ஷனை எடைக்கணக்கில் வாங்குகிறார்கள். ஆகவே மெல்லிசாக வாங்கினால் அவருக்கு லாபம். கதவு தாங்கும் இடத்தில் 1 மி.மீ. சுவர் உள்ள குழாயைப் போட்டால், ஆறு மாதத்தில் கீல் திருகு தளர்ந்து கதவு தரையை உரசும். கதவு நிற்கும் செங்குத்துச் சட்டத்துக்கு 1.5 முதல் 2 மி.மீ. தடிமன் கேளுங்கள். வெட்டிய துண்டு ஒன்றை வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பதில் தப்பில்லை. பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. திருகுகள் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு தரம்) என்று கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர வீடுகளில் சாதாரண இரும்புத் திருகு துருப்பிடித்துக் கறை வழிய ஒரு மழைக்காலம் போதும்.

இவர்களிடம் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் கண்ணாடியே. 'ஃபிரேமுக்குள்தானே இருக்கு, சாதாக் கண்ணாடியே போதும்' என்பார்கள். போதாது. குழந்தை ஓடிவந்து மோதினால் சாதாக் கண்ணாடி கத்தி கத்தியாக உடையும். ஆள் மோதக்கூடிய இடத்தில் டஃபன்ட் அல்லது லேமினேட்டட் (இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது) கண்ணாடிதான் வேண்டும்; கட்டடங்களில் கண்ணாடிக்கான இந்தியத் தரநிலை, ஐ.எஸ். 16231 விதித்தொகுப்பின் நான்காம் பகுதி இதற்கென்றே இருக்கிறது. டஃபன்ட் துண்டு ஒவ்வொன்றின் மூலையிலும் அழியாத முத்திரை இருக்கும். அதில் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த ஆலை என்று தெரிந்துவிடும். முத்திரை இல்லாமல் வந்தால், போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாய்வாகப் பாருங்கள்: டஃபன்ட் கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ வரிசையாகத் தெரியும். ஒன்றுமே தெரியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

பேட்ச் ஃபிட்டிங் செய்பவர்

ஃபிரேமே இல்லாமல், தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி மட்டும் தெரிய வேண்டும் என்றால் இவர். துணிக்கடை, ஏ.டி.எம்., ஆபீஸ் முகப்புக் கதவுகள் எல்லாம் இவர்கள் கைவரிசை. ஃபேப்ரிகேட்டரும் 'நாங்களும் செய்வோம்' என்பார், செய்யவும் செய்வார். ஆனால் இது தனி வேலை, தனிக் கை.

நம் கணக்குக்கு என்னென்ன சாமான் வரும் என்று பார்த்தால் வேலையின் தன்மை புரியும். பேட்ச் என்பது கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் உலோகத் துண்டு. கதவுக்கு அடியில் ஒரு பாட்டம் பேட்ச், மேலே ஒரு டாப் பேட்ச், மேல் கண்ணாடியையும் பக்கக் கண்ணாடியையும் சேர்த்துப் பிடிக்க எல் வடிவ பேட்ச், தரைக்குள் கதவைத் தானாக மூடவைக்கும் ஒரு ஃப்ளோர் ஸ்பிரிங், ஒரு கார்னர் லாக், அது விழ ஒரு தட்டு, கைப்பிடி ஒரு ஜோடி. நிலைக் கண்ணாடிக்குச் சுற்றிலும் யு சேனல். இவற்றில் ஒவ்வொரு பேட்சுக்கும் லாக்குக்கும் கண்ணாடியில் வெட்டு வேண்டும். கைப்பிடிக்கு ஓட்டை வேண்டும். அத்தனையும் சூளைக்குப் போகுமுன் முடிந்தாக வேண்டும். ஃபிட்டிங் கம்பெனிக்குக் கம்பெனி வெட்டின் வடிவம் மாறும். அதனால் ஃபிட்டிங்கை முடிவு செய்யாமல் கண்ணாடிக்கு ஆர்டர் போடும் ஆளைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். 'ஓசோனா, டோர்மாவா, அப்புறம் பார்த்துக்கலாம் சார்' என்பது நல்ல அறிகுறி அல்ல. ஓட்டையின் விட்டம் கண்ணாடித் தடிமனுக்குக் குறையக் கூடாது; ஓரத்திலிருந்து ஓட்டைவரை தடிமனைப் போல இரண்டு மடங்காவது விட வேண்டும். இதை மீறி வரைந்தால் நல்ல ஆலை திருப்பி அனுப்பும். மற்ற ஆலை வாங்கிச் சூளையில் உடைத்துவிட்டு உங்களிடம் பேசும்.

அளவெடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். உயரத்தை இடம், நடு, வலம். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். லேசர் லெவல் கொண்டுவந்தால் நல்லது. தூக்குகுண்டும் ரசமட்டமும் இருந்தாலும் போதும். நம் வீட்டுத் தரைகள் பால்கனி பக்கமோ சமையலறை பக்கமோ கொஞ்சம் வாட்டம் கொடுத்தே போடப்பட்டிருக்கும். 10 அடிக்கு 8, 10 மி.மீ. வித்தியாசம் சாதாரணம். ஃபிரேம் வேலையில் அதைச் செக்‌ஷன் மறைத்துவிடும். இங்கே கதவுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் விடுவதே 3, 4 மி.மீ. சந்துதான், வாட்டத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தச் சந்து மேலே நூலாகவும் கீழே விரலாகவும் திறந்து நிற்கும். ஒரே டேப்பை ஒரே தடவை இழுத்து, 'பத்துக்கு ஒம்பது' என்று சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு போகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

ஃப்ளோர் ஸ்பிரிங்கைப் பற்றி வீட்டுக்காரர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. அதன் பெட்டி தரைக்குள் 5 செ.மீ. அளவுக்கு இறங்கும். டைலும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து அவ்வளவு ஆழம் இல்லாவிட்டால், ஸ்லாபைக் கொத்த வேண்டிவரும். அதை எந்த அசோசியேஷனும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. தரைக்கலவைக்குள் கரன்ட் பைப்போ தண்ணீர் பைப்போ ஓடுகிறதா என்பதும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, நாம் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிற ஆட்கள். பண்டிகைக்குப் பண்டிகை அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, ஸ்பிரிங் துருப்பிடித்து, எண்ணெய் கசிந்து, கதவு படாரென்று அடிக்க ஆரம்பிக்கும். வீட்டுக்கு, மூடும் பொறி உள்ளேயே இருக்கும் ஹைட்ராலிக் பேட்ச் மேல்: தரையைத் தோண்ட வேண்டாம், மூடும் வேகத்தை அதிலேயே திருகி மாற்றிக்கொள்ளலாம். விலை கூடுதல்தான். நல்ல ஆள் என்றால் வீட்டைப் பார்த்ததும் இதை அவரே சொல்ல வேண்டும்.

தூக்கிக்கொண்டு வருவது தனிக்கதை. அடுக்குமாடி லிஃப்ட்டின் கதவு உயரம் பெரும்பாலும் 2 மீட்டர்தான். 9 அடித் துண்டு, அதாவது 2.74 மீட்டர், அதற்குள் நுழையாது. 88 கிலோவைப் படிவழியே நாலு பேர் தூக்க வேண்டும். படித் திருப்பத்தில் கண்ணாடியின் மூலை சுவரில் லேசாகத் தட்டினாலே போச்சு. டஃபன்ட் கண்ணாடியை முகத்தில் அடித்தால் தாங்கும், ஓரத்தில் தட்டினால் தாங்காது. ஐந்தாவது மாடி என்றால் ஆள்கூலி, உடைந்தால் யார் பொறுப்பு இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். படித் திருப்பத்தை வந்து பார்க்காமல் 9 அடி ஒற்றைத் துண்டுக்கு ஒப்புக்கொள்பவர் பின்னால் கையை விரிப்பார். திருப்பம் போதாது என்றால் கதவு மட்டத்தில் 7 அடிக்கு ஒரு துண்டு, மேலே 2 அடிக்கு இன்னொன்று என்று பிரிப்பதே வழி. பார்க்க ஒரு கோடு விழும், அவ்வளவுதான்.

இவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: ஏ.சி. குளிர்ச்சியும் சத்தமும் கதவைச் சுற்றியுள்ள சந்து வழியாகப் போகும். 12 மி.மீ. கண்ணாடி தன்னளவில் 30 டெசிபலுக்கு மேல் தடுக்கும்; ஆனால் கதவுக்கு அடியில் 8, 10 மி.மீ. திறந்திருந்தால் அந்தக் கணக்கு காகிதத்தோடு சரி. வீட்டிலிருந்து ஆன்லைன் மீட்டிங் பேசத்தான் இந்த அறை என்றால், ஓரங்களில் ரப்பர் ஸீல் உள்ள ஃபிரேம் கதவே மேல். அழகுக்காகப் பேட்ச் கதவு வைத்துவிட்டு, பிறகு ஒளிபுகும் பி.வி.சி. ஸீல் ஒட்டுவது ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும்.

ஸ்லிம் புரொஃபைல் ஸ்லைடிங் டீலர்

மெல்லிய கறுப்பு ஃபிரேம், ஒன்றன் பின் ஒன்றாக ஓடும் மூன்று கதவுகள், நடுவில் வரிவரியான ஃப்ளூட்டட் கண்ணாடி. இப்போது எல்லாரும் கேட்பது இதுதான். விலையில் பொதுவாக இதுவே உச்சம். ஷோரூம்காரர் அளவெடுத்து, ஒர்க்‌ஷாப்பில் பூட்டி, வீட்டில் வந்து மாட்டிவிட்டுப் போவார். வேலை சுத்தமாக இருக்கும். வீட்டில் வெட்டல், தேய்த்தல் கிடையாது.

சிக்கல் மேலே இருக்கிறது. தரையில் தடம் இல்லாத மாடலில் முழு எடையும் மேல் தண்டவாளத்தில்தான் தொங்குகிறது. நம் 90 சதுர அடியை 8 மி.மீ. கண்ணாடியில் செய்தால் கண்ணாடி மட்டும் 167 கிலோ. ஃபிரேம் எடை வேறு. ஜிப்சம் சீலிங் இதில் ஒரு கிலோவைக்கூடத் தாங்காது. ஸ்லாபிலோ பீமிலோ ஆங்கர் அடித்து, இரும்புக் குழாய் இறக்கி, அதில்தான் தடத்தை மாட்ட வேண்டும். சீலிங் வேலைக்கு முன்பே இது முடிய வேண்டும். டீலர் 'சப்போர்ட் நீங்க ரெடி பண்ணிடுங்க' என்பார். சீலிங் ஆள் 'அது கண்ணாடிக்காரர் வேலை' என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, சப்போர்ட் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே கேளுங்கள். தடம் 2, 3 மி.மீ. சாய்ந்தாலே கதவு தானாக ஒரு பக்கம் ஓடும்.

ரோலரும் சாஃப்ட் குளோஸும் தேய்மானப் பொருள்கள். அவற்றின் பிராண்டையும் மாடலையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பெயரில்லாத இறக்குமதி செட் என்றால் மூன்று வருடம் கழித்து அதே ரோலர் கிடைக்காமல் கதவையே மாற்றச் சொல்வார்கள்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இதை வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஃப்ளூட்டட் கண்ணாடியின் வரிப்பக்கம் ஹாலைப் பார்த்து இருக்க வேண்டும், மழமழ பக்கம் அடுப்பைப் பார்த்து. மாற்றி வைத்தால் தாளிப்பு எண்ணெய் வரிகளுக்குள் படிந்து, எந்த லிக்விடுக்கும் அசையாது. மற்றது, கேஸ். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சமையலறையைக் கண்ணாடியால் இறுக மூடுகிறீர்கள் என்றால் தரையோரமாக வெளிக்காற்றுக்கு ஒரு வழி கட்டாயம். இதை எந்த டீலரும் சொல்வதில்லை, அவர் வேலையும் அல்ல.

வெல்டர், ஆசாரி, இன்டீரியர் கம்பெனி

கறுப்பு இரும்புச் சட்டம், சின்னச் சின்னக் கட்டங்கள் என்ற பழைய தொழிற்சாலை ஜன்னல் பாணிக்கு வெல்டர் வேண்டும். 40-க்கு 20 மி.மீ. குழாய், 1.6 மி.மீ. தடிமன் போதும். வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். சமமான மேசையில் வைத்து, இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து வெல்ட் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பிலேயே வெல்டிங், தேய்ப்பு, பிரைமர், பெயின்ட் எல்லாம் முடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டுக்குள் கிரைண்டர் ஓடினால் தீப்பொறி பறந்து டைலிலும் பக்கத்து ஜன்னல் கண்ணாடியிலும் ஒட்டும். அது அழுக்கு அல்ல. உருகிய இரும்பு கண்ணாடிக்குள் குழிபறித்து உட்கார்ந்துவிடும், துடைத்தால் போகாது. கண்ணாடி மாட்டுவது கடைசி வேலை. வெல்டர் பொதுவாகக் கண்ணாடியைத் தொடமாட்டார், ஆகவே இங்கே இரண்டு ஆள், இரண்டு பொறுப்பு. கண்ணாடிக்காரர் முடிந்த சட்டத்தில்தான் அளவெடுக்க வேண்டும், வெல்டர் சொன்ன அளவை நம்பக் கூடாது.

தேக்குச் சட்டத்தில் வேண்டும் என்றால் ஆசாரி. மரம் மழைக்கும் வெயிலுக்கும் அசையும் என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடியைச் சுற்றி 3 மி.மீ. விட வேண்டும், ரீப்பர் ஆணி கண்ணாடி ஓரத்தைத் தொடக் கூடாது என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

இன்டீரியர் கம்பெனி இந்த வேலையைத் தானே செய்வதில்லை. மேலே சொன்ன ஏதோ ஒருவருக்குத் துணைக் குத்தகை கொடுத்து, அதன்மேல் தன் பங்கை வைக்கும். வீடு முழுக்க அவர்கள் வேலை நடக்கிறது என்றால் அவர்களிடமே விடுவது புத்திசாலித்தனம்: சீலிங், தரை, பெயின்ட், கண்ணாடி நான்கும் ஒருவர் பொறுப்பில் இருக்கும், தகராறு உங்கள் தலையில் விழாது. கண்ணாடிச் சுவர் மட்டும்தான் என்றால் அந்தக் கூடுதல் பணத்துக்குப் பலன் குறைவு.

சில்லறைக் கண்ணாடிக் கடை பற்றியும் ஒரு வார்த்தை. பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெரு மாதிரியான இடங்களில் கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். மேசைக்கும் பூஜை அலமாரிக்கும் அங்கே போகலாம். சுவருக்கு, 'கண்ணாடி நாங்க தர்றோம், ஃபிட்டிங்குக்கு ஆள் அனுப்புறோம்' என்பது ஆபத்தான ஏற்பாடு. அளவு தப்பினால் கடை ஆளைக் காட்டும், ஆள் கடையைக் காட்டுவார்.

ஆளைச் சோதிக்கச் சில கேள்விகள்

சான்றிதழ் கேட்டுப் பலனில்லை. இந்தத் தொழிலில் பலரிடம் அது இருக்காது. வேலையைப் பற்றிக் கேளுங்கள். கண்ணாடிக்கு அடியில் என்ன வைப்பீர்கள்? துண்டுக்கு இரண்டு ரப்பர் பிளாக், அகலத்தின் கால் பங்கில் ஒன்று, முக்கால் பங்கில் ஒன்று என்று சொன்னால் அவருக்குத் தொழில் தெரியும். 'நேரா சேனல்ல இறக்கிடுவோம்' என்றால் கண்ணாடி ஓரம் உலோகத்தில் உட்காரும். என்றைக்காவது காரணமே இல்லாமல் உடையும். மேல் சேனல் எவ்வளவு ஆழம்? கீழ்ச் சேனலைவிட மேல் சேனல் ஆழமாக இருந்தால்தான் கண்ணாடியை மேலே நுழைத்துக் கீழே இறக்க முடியும்.

சுவர் எந்தக் கல்லில் கட்டியது என்று அவரே கேட்கிறாரா பாருங்கள். புதிய அடுக்குமாடிகளில் உள்சுவர் பல இடங்களில் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது நுரை மாதிரி எடை குறைந்த சிமென்ட் கல். சாதாரணப் பிளாஸ்டிக் பிளக்கும் திருகும் அதில் நிற்காது, மாவு மாதிரி கொட்டும். நீளமான நைலான் ஆங்கரோ கெமிக்கல் ஆங்கரோ வேண்டும். டைலில் ஓட்டை போடும்போது டிரில்லின் ஹேமரை நிறுத்துவாரா என்றும் கேளுங்கள். விட்ரிஃபைட் டைலுக்கு அடியில் கலவை சரியாக நிரம்பாமல் பொத்தலாக இருந்தால், ஹேமர் போட்ட முதல் அடியிலேயே நடுவில் விரிசல் ஓடும்.

எந்த சிலிக்கான்? வினிகர் வாசனை அடிக்கும் மலிவு வகையில் அமிலம் வெளிவரும். லேமினேட்டட் கண்ணாடி ஓரத்தில் பட்டால் உள்ளே இருக்கும் பி.வி.பி. படலம் வெளுத்துப் பிரியும். நியூட்ரல் சிலிக்கான் கேட்க வேண்டும். ஃபிட்டிங் எஸ்.எஸ். 304-ஆ, மலிவான 202-ஆ என்று கேட்டால் காந்தத்தை எடுத்து வைத்து 'பாருங்க சார், ஒட்டல' என்பார்கள். 202-உம் பெரும்பாலும் ஒட்டாது, அதனால் காந்தம் இதற்குச் சாட்சியில்லை. ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைத் திரவம் எஸ்.எஸ். கடைகளில் உண்டு, நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம்.

அவர் செய்து இரண்டு வருடம் ஆன ஒரு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். புது வேலை எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கும். பழையதில் கதவு 90 டிகிரியில் நிற்கிறதா, சந்து மேலும் கீழும் ஒரே அளவா, சிலிக்கான் கறுத்துப் பிரிந்திருக்கிறதா, ஃப்ளோர் ஸ்பிரிங் தட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரியும்.

கொட்டேஷனைப் படிக்கும் விதம்

சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். முதல் காரணம், அளவை முழுமையாக்கும் வழக்கம். கண்ணாடி வியாபாரத்தில் அங்குலத்தை 3-ன் மடங்காகவோ 6-ன் மடங்காகவோ உயர்த்திப் பில் போடுவார்கள். 42-க்கு 108 அங்குலத் துண்டு 31.5 சதுர அடி. அதுவே 43-க்கு 109 ஆகிவிட்டால், 6 அங்குலக் கணக்கில் 48-க்கு 114, அதாவது 38 சதுர அடிக்குப் பணம். ஓர் அங்குலத்துக்காக ஆறரை சதுர அடி. எந்த மடங்கு என்று கேட்டு, முடிந்தால் துண்டுகளின் அளவை மடங்குக்கு உள்ளேயே வருமாறு பிரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தனியாக முளைக்கும் கட்டணங்கள்: ஓட்டைக்கு ஒன்றுக்கு இவ்வளவு, கட்-அவுட்டுக்கு இவ்வளவு, ஓரப் பாலிஷ் அடிக்கு இவ்வளவு, சேனல், சிலிக்கான், ஏற்றுக்கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒருவர் எல்லாம் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் கண்ணாடி விலையை மட்டும் சொல்வார். இருவரிடமும் 'வீட்டில் நிறுத்தி, கதவு திறந்து மூடும்வரை மொத்தம்' என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். தடிமன், டஃபன்டா லேமினேட்டட்டா, ஃபிட்டிங் பிராண்ட் மூன்றும் எழுத்தில் இருந்தால்தான் அந்தத் தொகைக்கு அர்த்தம்.

மேல் கண்ணாடிக்கு மட்டும் லேமினேட்டட் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். டஃபன்ட் கண்ணாடிக்குள் சில சமயம் நிக்கல் சல்ஃபைடு துகள் சிக்கியிருக்கும். மாதங்கள் கழித்துத் தானாகவே வெடிக்கக்கூடும். அபூர்வம்தான், ஆனால் தலைக்கு மேலே 2 அடிக் கண்ணாடி கொட்டினால் அபூர்வம் என்பது ஆறுதலாக இருக்காது. ஹீட் சோக் சோதனை (ஆலையிலேயே மறுபடி சூடாக்கி, வெடிக்கக்கூடியதை முன்பே வெடிக்கவைப்பது) செய்த கண்ணாடி இன்னொரு வழி. தொட்டில் குழந்தை இருக்கும் வீடென்றால் லேமினேட்டட்தான் என் சிபாரிசு.

பணம் கொடுப்பதில் ஒரே விதி: இறுதி அளவு எடுத்து, வரைபடத்தில் இருவரும் கையெழுத்துப் போடும்வரை பெரிய தொகை கை மாறக் கூடாது. தரை டைல் முடியாமல், சீலிங் முடியாமல் எடுத்த அளவு இறுதி அளவு அல்ல. அதன்பின் பாதி, கண்ணாடி வீட்டுக்கு வந்து முத்திரை பார்த்தபின் நாற்பது சதவீதம், மீதிப் பத்தை ஒரு வாரம் கதவைத் திறந்து மூடிப் பார்த்தபின். கண்ணாடிச் சுவர் நிற்பது தெரியாமல் ஆள் மோதாதபடி கண்மட்டத்தில் ஃப்ராஸ்டட் பட்டையோ புள்ளிகளோ ஒட்டுவதும் அந்த வாரத்துக்குள் முடியட்டும். குழந்தைகளுக்காக இடுப்பு மட்டத்தில் இன்னொரு வரிசை.

எதை யாரிடம்

பட்ஜெட் இறுக்கம், சத்தம் குறைய வேண்டும், ஐந்தாவது மாடி, வாடகைக்கு விடும் வீடு: அலுமினியம் ஃபேப்ரிகேட்டர். சொந்த வீடு, தரைத்தளம் அல்லது அகலமான படி, பார்வைக்கு ஒரு கோடும் குறுக்கே வரக் கூடாது: பேட்ச் ஃபிட்டிங் ஆள், ஹைட்ராலிக் பேட்சோடு. அடிக்கடி திறந்து இரண்டு அறையையும் ஒன்றாக்க வேண்டும், சீலிங் இன்னும் போடவில்லை: ஸ்லிம் ஸ்லைடிங். சீலிங் ஏற்கனவே போட்டாகிவிட்டது, உள்ளே சப்போர்ட் இல்லை என்றால் ஸ்லைடிங் ஆசையை விட்டுவிடுவது நல்லது, அல்லது தரையில் ஓடும் தடத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஃபேப்ரிகேட்டரிடம் போங்கள்; அவர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் திருத்தக்கூடியவை.

வேலை முடிந்ததும் ஆலைக்கு அனுப்பிய அந்த வரைபடத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஒவ்வொரு துண்டின் அளவு, ஓட்டை, வெட்டு எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வருடம் கழித்து ஒரு துண்டு உடைந்து, அந்த ஆளும் ஊரில் இல்லை என்றால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த ஆலையிலும் அதே துண்டை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.